சாமி கல்லுக்கு எந்தத் தலைப்பில் நிதி? கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு நடுகல் காட்சிக்கூடம்: நிகழ்வு ஆய்வு

ஊத்தங்கரை, பர்கூர் பக்கம் நடுகல் இல்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஏரிக்கரையில் நிற்கும், மாந்தோப்பு வரப்பில் நிற்கும், புளியமரத்தடியில் பாதி புதைந்து நிற்கும். கையில் வில்லோ வாளோ ஏந்திய வீரன், காலடியில் ஒன்றிரண்டு மாடு, தலைக்கு மேல் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் சில வரி. இன்ன அரசனின் இத்தனையாவது யாண்டில், மாட்டு மந்தையைக் கவர்ந்தபோது மீட்டுப் பட்டான் இன்னான் என்பதுதான் பெரும்பாலான கற்களின் செய்தி. ஊராருக்கு அவர் வேடியப்பன். எண்ணெய் ஊற்றி, மஞ்சள் பூசி, ஆடியில் கிடா வெட்டும் குலசாமி.

அப்படிச் சில கற்கள் ஒரே இடத்தில் கூட்டமாக நிற்கும் ஊர் ஒன்று, வெளியூர்க்காரர்கள் வந்து பார்க்கும்படி உள்ளூர் வரலாற்றுக் காட்சிக்கூடம் ஒன்றை அமைக்க நிதி தேடியது. அந்தத் தேடலைப் பற்றியது இந்த ஆய்வு. அந்தக் குழுவுக்குக் கருத்துருவும் மதிப்பீட்டு விளக்கமும் எழுதிக் கொடுத்தவன் என்ற முறையில் கோப்புகளைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஊரின் பெயரும் பணம் கொடுத்த ஆலையின் பெயரும் இங்கே வேண்டாம். இதே நிலையில் இன்னும் பல ஊர்கள் இருக்கின்றன, அவர்களுக்குப் பயன்படப்போவது நடந்த முறைதான்.

தொடக்கம்: மூடிய குழியைப் பார்க்க வந்தவர்கள்

2022 மே 9 அன்று, பர்கூர் வட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். மறு வாரத்திலிருந்தே ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூரு, ஓசூர் பதிவெண் கார்கள் இந்தப் பக்கம் வரத் தொடங்கின. வந்தவர்கள் வழி கேட்டுக் கேட்டுப் போய்ப் பார்த்தது என்ன? அகழாய்வுக் குழிகளைப் பதிவு செய்து முடித்ததும் மண் போட்டு மூடிவிடுவது வழக்கம். கிடைத்த பொருள்கள் துறையின் பொறுப்பில் போய்விட்டன. மலையும் முட்புதரும்தான் மிச்சம். திரும்பும் வழியில் டீ குடிக்க நின்றவர்களிடம் நம் ஊர்ப் பையன்கள், "எங்க ஊர்லயும் பழைய கல்லு இருக்குதுங்க, பாக்கறீங்களா" என்று கூட்டிப் போய்க் காட்டியிருக்கிறார்கள். அரசு மேல்நிலைப் பள்ளியின் வரலாற்று ஆசிரியர் ஒருவர் இதைக் கவனித்தார். ஊராட்சித் தலைவர், மகளிர் சுயஉதவிக் குழுவின் பொறுப்பாளர், ஓசூரில் வேலை பார்க்கும் இரண்டு இளைஞர்கள் என்று ஒரு சங்கம் சேர்ந்தது. பதிவும் செய்தார்கள்.

அவர்களின் முதல் கருத்துருவை நான் வாசித்தபோது அதில் ஒரு மண்டபம் இருந்தது, நீரூற்று இருந்தது, செல்ஃபி எடுக்க ஒரு வளைவு இருந்தது, அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுக்கும் சிமென்ட் சிலையும் இருந்தது. பழைய தருமபுரி மாவட்டத்தில் யார் பண்பாட்டுத் திட்டம் எழுதினாலும் அந்த நெல்லிக்கனி வந்துவிடும். தவறில்லை, புறநானூற்று 91ஆம் பாட்டு அது. ஆனால் இந்த ஊருக்கு அதைவிடப் பொருத்தமான ஔவை பாட்டு 232ஆவது. அதியமான் இறந்தபின், அவனுக்கு நட்ட கல்லில் மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள்ளை ஊற்றுகிறார்களே, நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் இதைக் கொள்வானோ என்று கேட்கிறாள். பீலி இன்று இல்லை. கலம் இன்றும் வேடியப்பன் முன்னால் வைக்கப்படுகிறது. சிலைக்கு ஒதுக்கிய தொகையை அடித்துவிட்டு இந்தப் பாட்டை ஒரு பலகையில் போடலாம் என்று நான் சொன்னதை ஆசிரியர் உடனே ஏற்றுக்கொண்டார். தலைவருக்குச் சிலை மேல் ஆசை விடவில்லை.

இன்னொன்றும் அந்தக் கருத்துருவில் இருந்தது. "இந்தியாவின் மிகப் பழைய இரும்பு கிடைத்த மண்" என்ற தலைப்பு வாசகம். அதையும் எடுக்கச் சொன்னேன். 2025 ஜனவரி 23 அன்று தூத்துக்குடி மாவட்டம் சிவகளையின் காலக்கணிப்பு கி.மு. 3345 என வெளியானதும் 'மிகப் பழைய' என்ற பட்டம் தெற்கே போய்விட்டது. மூன்று ஆண்டுகூட நிற்காத பட்டத்தை நம்பிப் பலகை அடிப்பது வீண் செலவு. 2024இல் ஊத்தங்கரை வட்டம் சென்னானூரிலும் அகழாய்வு நடந்தது. இன்னும் நடக்கும், இன்னும் செய்தி மாறும். நடுகல் அங்கேயே நிற்கிறது. காட்சிக்கூடத்தின் அச்சாணியாக அதைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவானது.

கல்லை நகர்த்தும் பேச்சு

சிதறிக் கிடக்கும் கற்களை எடுத்து வந்து மண்டபத்தில் வரிசையாக நிறுத்துவது என்பதுதான் சங்கத்தின் எண்ணம். தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களை அப்படிப் பார்த்திருக்கிறார்கள், 1993இல் தொடங்கிய கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தையும் பார்த்திருக்கிறார்கள். ஊர்க் கூட்டத்தில் இதைச் சொன்னதும் பூசாரி எழுந்தார். வயதானவர், கோபமே இல்லாமல் கேட்டார்.

"சார், நீங்க சாமியத் தூக்கிப் போயி ஹால்ல வெச்சுருவீங்க. சரிங்க. ஆடிக்குக் கிடா எங்கங்க வெட்டறது? ஹாலுக்குள்ளயா?"

கூட்டம் சிரித்தது. ஆனால் அத்தோடு மண்டபத் திட்டத்துக்கு வயது முடிந்தது. சட்டப்படியும் அது எளிதல்ல. 100 ஆண்டைக் கடந்த கற்சிற்பம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் தொல்பொருள். ஊர்ச் சங்கம் ஒன்று கிரேனைக் கொண்டு வந்து பெயர்த்தெடுக்கக் கூடாது. அதோடு கல் நின்ற இடமே ஒரு சான்று. எந்த ஏரியின் கரை, எந்தப் பெருவழியின் ஓரம், எந்த ஊரின் எல்லை என்பதெல்லாம் இடத்தை விட்டு எடுத்தால் போய்விடும்.

நிதியின் சிக்கல் இங்கேதான் முற்றியது. நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியின் வழிகாட்டு நெறிகளில், வழிபாட்டுத் தலங்களுக்குள் எந்தப் பணியும் செய்யக் கூடாது என்று இருக்கிறது. ஒன்றிய அலுவலகத்தில் கோப்பைப் புரட்டிய அலுவலர் கேட்ட முதல் கேள்வி, "இது கோயிலா, சின்னமா?" என்பது. கோயில் என்றால் பொது நிதி வராது. அறநிலையத் துறைப் பட்டியலிலும் அது இல்லை, அதனால் அந்த வழியும் அடைப்பு. சின்னம் என்றால் தொல்லியல் துறையைக் கேட்க வேண்டும். 1966ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலிலும் அந்தக் கற்கள் இல்லை. ஒரே கல், ஊருக்குச் சாமி, ஆய்வாளருக்குக் கல்வெட்டு, வருவாய்த் துறை ஏட்டில் புறம்போக்கில் கிடக்கும் கல்.

நிதி கேட்கப் போகும் உள்ளூர் வரலாற்று முயற்சிகள் பெரும்பாலும் விழும் பள்ளம் இதுதான் என்பது என் கணிப்பு. 'மரபு' என்று பொதுவாக எழுதினால் எந்த அலுவலகமும் அதைத் தன் தலைப்பில் சேர்த்துக்கொள்ளாது. எனவே கோப்பை இரண்டாக உடைத்தோம். கல் நிற்கும் இடத்தைத் தொடவே மாட்டோம், கூரையும் வேண்டாம், வேலியும் வேண்டாம், அது ஊரின் வழிபாட்டிடம். அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில், சர்வே எண் தெளிவாக ஊராட்சியின் பெயரில் உள்ள, பயன்படாமல் கிடந்த பழைய நூலகக் கட்டடம்தான் காட்சிக்கூடம். பாதை, கழிப்பறை, வழிகாட்டிப் பலகை எல்லாம் ஊராட்சிப் பணிகள். கேள்விக்கு விடை சொல்லாமலே கேள்வியைத் தாண்டிவிட்ட மாதிரி ஆனது. கிராம சபைத் தீர்மானத்திலும் 'கோயில்' என்ற சொல் வராமல் பார்த்துக்கொண்டோம். 'நடுகற்கள் அமைந்துள்ள பகுதி' என்றே எழுதினோம், பொய்யும் இல்லை.

கதவு கதவாக

மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் அருங்காட்சியக மானியத் திட்டம்தான் பெயரளவில் இதற்குப் பொருத்தமானது. பதிவு பெற்ற சங்கங்களும் உள்ளாட்சி அமைப்புகளும் விண்ணப்பிக்கலாம். திட்டச் செலவில் 80 விழுக்காடு வரை கிடைக்கும், மிச்சத்தைத் தாமே போட வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விரிவான திட்ட அறிக்கை வேண்டும், சேகரிப்பின் பட்டியல் வேண்டும், சங்கத்துக்குச் சில ஆண்டுக் கணக்கு வழக்கு வேண்டும். நேற்றுப் பதிவான சங்கத்திடம் இவற்றில் எதுவும் இல்லை. சேகரிப்பே வெளியே திறந்த வெளியில் நிற்கிறது, அதுவும் சங்கத்துக்குச் சொந்தமில்லை. இந்தக் கதவை மூடாமல் பிறகு பார்ப்போம் என்று வைத்தோம்.

சுற்றுலா அமைச்சகத்தின் சுவதேஷ் தர்ஷன் 2014-15இல் தொடங்கியது, இப்போது இரண்டாம் கட்டத்தில் இருக்கிறது. அது மாநில அரசுகள் வழியாகப் பெரிய அளவில் தலங்களை வளர்க்கும் திட்டம். ஒரு ஊராட்சியின் நூலகக் கட்டடம் அந்தத் தராசில் எடை காட்டாது. 1996இல் அமைந்த தேசியப் பண்பாட்டு நிதியமும் அப்படியே, கொடையாளர் ஒருவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு உதவும்.

உண்மையில் திறந்தவை இரண்டு. ஒன்று, 'நமக்கு நாமே' திட்டம். மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மிச்சத்தை அரசு போடும். கழிப்பறை, சுற்றுச்சுவர், கட்டடப் பழுது ஆகியவற்றை அதில் வைத்தோம். மக்கள் பங்கைத் திரட்ட ஊரில் தலைக்கட்டு வரி போடவில்லை. பெங்களூரில் கட்டட வேலை, பேக்கரி என்று இருக்கும் ஊர்க்காரர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் கேட்டார்கள். சாமிக்கு என்று கேட்டிருந்தால் ஒரே நாளில் வந்திருக்கும் என்று பொறுப்பாளர் அம்மா சொன்னார். கழிப்பறைக்கு என்று கேட்டதால் ஒரு மாங்காய்ப் பருவம் முழுக்க ஆனது.

மற்றது, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனம் கடந்த மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஏழாம் அட்டவணையின் ஐந்தாம் இனத்தில் நாட்டின் மரபு, கலை, பண்பாட்டைக் காப்பதும் வரலாற்றுச் சிறப்புள்ள இடங்களைச் சீரமைப்பதும் பெயர் சொல்லியே இருக்கின்றன. ஓசூர் பக்கத்தில் இருப்பதால் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு இது பெரிய வாய்ப்பு. ஆனால் அந்தப் பணம் பள்ளிக் கட்டடம், கழிப்பறை, ஏரி தூர்வாருதல் என்றுதான் ஓடிப் பழகியிருக்கிறது. நாங்கள் போன ஆலையின் பொறுப்பாளர், "மரபுன்னா எங்க மேனேஜ்மென்ட் தஞ்சாவூர் மாதிரி எதிர்பார்ப்பாங்க சார்" என்றார். அட்டவணையில் 'நாட்டின் மரபு' என்று இருப்பதால் ஒரு கிராமத்துக் கல் அதில் அடங்குமா என்ற தயக்கம் அவருக்கு. கல்வெட்டு ஒன்று தொல்லியல் துறையின் பழைய பதிப்பில் இடம்பெற்றிருப்பதைக் காட்டியதும் தயக்கம் தீர்ந்தது. அச்சில் ஏறிய ஒரு பக்கத்துக்கு உள்ள மதிப்பு நேரில் நிற்கும் கல்லுக்கு இல்லை. சட்டப்படி இந்த நிதியில் உருவாகும் சொத்தை நிறுவனம் தன் பெயரில் வைத்துக்கொள்ள முடியாது. ஊராட்சிக் கட்டடம் என்பதால் அந்தச் சிக்கலும் எழவில்லை. இந்த நிதியைப் பெற்றுப் பணி செய்யும் அமைப்புகளுக்கு 2021 ஏப்ரலுக்குப் பின் கட்டாயமான சி.எஸ்.ஆர்.-1 பதிவை மட்டும் சங்கம் எடுக்க வேண்டியிருந்தது.

காட்சி எப்படி உருவானது

கல்லை நகர்த்தாமல் கல்லைக் காட்ட, எழுத்தைத் தாளில் மையால் ஒற்றியெடுக்கும் மைப்படிதான் வழி. இதுதான் இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

முதலில் பூசாரியிடம் உத்தரவு கேட்டார்கள். எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்டுவிட்டு அவரே முதல் துணியைப் போட்டுத் துடைத்தார். தலைமுறை தலைமுறையாக ஊற்றிய எண்ணெய் கருத்து இறுகிப் பிசின் மாதிரி எழுத்துகளை மூடியிருந்தது. யாரோ ஒரு பொங்கலுக்கு வீரனின் வேட்டிக்கு நீல எனாமல் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கம்பியால் சுரண்டக் கூடாது, அமிலம் கூடாது என்று பயிற்சி பெற்ற ஒருவர் வந்து பார்த்துக்கொண்டார். தண்ணீரும் மென்மையான தூரிகையும் மட்டும். பிறகு ஈரத் தாளைக் கல்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி, தாள் எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கும்வரை பொறுத்தார்கள். ஓரளவு உலர்ந்ததும் மையொற்றும் பந்தால் மேலே ஒற்றினார்கள். மேடெல்லாம் கருப்பாக, எழுத்து மட்டும் வெள்ளையாக எழும்பியது. சுற்றி நின்ற பள்ளிப் பிள்ளைகளில் ஒருத்தி, "அண்ணா, வேடியப்பனுக்குப் பேரு இருக்குதா?" என்று கேட்டாள். இருந்தது. அந்தப் பெயரைப் பூசாரி வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். அடுத்த பூசையில் அந்தப் பெயரும் சேர்ந்துகொண்டது என்று கேள்வி.

அந்த மைப்படிகள், அவற்றுக்கு நேரே இன்றைய தமிழில் வாசகம், கல் நிற்கும் இடத்துக்குப் போகும் வழிப்படம் இவைதான் காட்சிக்கூடத்தின் உயிர். மிச்சச் சுவர்களில் 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் என்ற இந்தப் பகுதி கம்பெனி ஆட்சிக்குக் கைமாறியது, கம்பெனி அதிகாரிகள் ரீடும் மன்றோவும் இங்கே நிலவரி வகுத்தது, கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை மலைக்கோட்டைகள் என்று மாவட்ட வரலாறு. ஒரு மூலையில் ஊரார் கொடுத்த மரக்கால், ஏர், கேழ்வரகு அரைத்த திரிகை.

ஆலையின் பணம் மார்ச் நடுவில்தான் வந்தது. மார்ச் 31க்குள் பில் வேண்டும் என்றார்கள். வாசகங்களைக் கல்வெட்டறிஞர் ஒருவர் சரிபார்த்து முடிக்கும் முன்பே பலகைகள் அச்சுக்குப் போயின. இரண்டு கல்லின் வாசகம் இடம் மாறி வந்தது. ஒன்றில் அரசனின் பெயரைவிட ஆலையின் சின்னம் பெரிதாக இருந்தது. பல ஆண்டுத் திட்டமாக அறிவித்தால், தொடங்கிய ஆண்டு போக மூன்று ஆண்டு வரை இந்த நிதியைப் பிரித்துச் செலவிட விதியில் இடம் உண்டு. தொடக்கத்திலேயே அப்படிக் கேட்டு வாங்கியிருந்தால் மார்ச் அவசரம் இருந்திருக்காது. ஆலையின் கணக்குப் பிரிவு அந்த வழிக்கு வர மறுத்துவிட்டது. தவறான பலகைகள் மேல் ஒட்டுத் தாள் ஒட்டி ஒரு வருடம் ஓட்டினார்கள்.

வந்தவர்கள் யார்

ஒகேனக்கல் கூட்டத்தில் ஒரு பங்கு இங்கே திரும்பும் என்று கருத்துருவில் எழுதச் சொன்னார்கள். எழுதவில்லை. பரிசலுக்கும் மீனுக்கும் போகிறவர்கள் தருமபுரி, பென்னாகரம் வழியாகப் போவார்கள். எதிர்த் திசையில் கிடக்கும் ஊருக்கு அவர்களை இழுப்பது நடக்காத காரியம். வாசலில் வைத்த பார்வையாளர் ஏடு வேறு கதை சொல்கிறது. பள்ளி, கல்லூரி மாணவர்கள் பேருந்தில் வருகிறார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளுடன் வருகிறார்கள். கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்தையும், மல்லச்சந்திரத்தில் ஊரார் பாண்டவர் வீடு என்று சொல்லும் கற்திட்டைகள் எனும் பழங்காலக் கல்லறைகளையும் பார்த்துவிட்டு மூன்றாவது நிறுத்தமாக வருகிறவர்கள்தான் அதிகம். குலசாமியைத் தேடி வரும் வெளியூர்ப் பங்காளிகளும் உண்டு. சுற்றுலாப் புள்ளிவிவரத்தில் அவர்களை யாரும் எண்ணுவதில்லை, ஆனால் அவர்கள்தான் ஒரு நாள் தங்கிச் செலவு செய்கிறார்கள்.

வருகிறவர்கள் முதலில் கேட்பது கழிப்பறை. அடுத்தது சாப்பாடு. மகளிர் குழு ஞாயிறுதோறும் களியும் கொள்ளுக் குழம்பும் போடுகிறது, பருவத்தில் மாம்பழம் விற்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை, வண்டி நிறுத்தக் கட்டணம் மட்டும். நெடுஞ்சாலையில் வைத்த வழிகாட்டிப் பலகை வந்த பிறகுதான் ஏட்டில் பெயர்கள் கூடின. பலகைக்கான செலவு மொத்த மதிப்பீட்டில் மிகச் சிறிய இனம், அதற்கான நெடுஞ்சாலைத் துறை அனுமதிதான் எல்லாவற்றையும்விடத் தாமதமாக வந்தது.

குறை என்று சொன்னால் பூட்டு. எந்த நிதித் தலைப்பிலும் கதவைத் திறந்து வைக்கும் ஆளுக்குச் சம்பளம் இல்லை. சுவருக்குக் கொடுப்பார்கள், பெயின்டுக்குக் கொடுப்பார்கள், திறப்பு விழாக் கல்லுக்குக்கூட எங்கிருந்தோ பணம் வந்தது. வார நாள்களில் சாவி மகளிர் குழுவிடம். வயல் வேலை இருக்கும் மாதங்களில், கதவில் ஒட்டிய கைப்பேசி எண்ணுக்கு அழைத்தால் அரை மணியில் யாராவது வருவார்கள். வந்தவர் கல்லின் கதையைச் சொல்லத் தெரிந்தவராக இருந்தால் பார்வையாளர் ஒரு மணி நேரம் நிற்கிறார், தெரியாதவராக இருந்தால் பத்து நிமிடத்தில் போய்விடுகிறார். ஏட்டில் எழுதிய குறிப்புகளைப் படித்தாலே இது தெரிகிறது.

இரண்டாவது விண்ணப்பம் இப்போது தயாராகிறது. சங்கத்துக்கு இப்போது தணிக்கை செய்த கணக்கு இருக்கிறது, பயன்பாட்டுச் சான்று ஒழுங்காகக் கொடுத்த பெயர் இருக்கிறது, நிரம்பிய ஏடு இருக்கிறது. முன்பு ஒதுக்கி வைத்த அருங்காட்சியக மானியத்தை இந்த முறை கேட்கலாம். சேகரிப்புப் பட்டியலில் கற்களைக் காட்டவில்லை, மைப்படிகளையும் ஊரார் எழுதிக் கொடுத்த பொருள்களையும் மட்டும் காட்டுகிறோம். சொந்தப் பங்கான 20 விழுக்காட்டை வண்டி நிறுத்தக் கட்டணமும் வாட்ஸ்ஆப் குழுவும் சேர்ந்து தேற்ற வேண்டும். ஆலைக்குத் தனியாக ஒரு மூன்றாண்டுக் கருத்துரு போகிறது. அதில் கட்டடம் இல்லை, பலகை இல்லை. ஊரைச் சேர்ந்த இரண்டு பெண்களுக்கு நடுகல் வாசிக்கப் பயிற்சி, அவர்களுக்கு மாதச் சம்பளம், அவ்வளவுதான். தலைவர் கடைசிப் பக்கத்தில் நெல்லிக்கனிச் சிலையை மறுபடி சேர்த்திருக்கிறார். அதை எடுப்பதா விடுவதா என்று அடுத்த கூட்டத்தில் முடிவாகும்.